வாயை மூடிக்கொண்டு மலேசியா போய் வந்தேன்

மலேசியாவுக்குப் போகிறவர்கள் உயரமான கட்டடம் பார்க்கப் போவார்கள், இல்லாவிட்டால் சாமான் வாங்கப் போவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காகப் போனேன். சிரிக்க வேண்டாம், அதுதான் உண்மை.

நாட்டின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எனக்கு ஒரு சின்னக் கடை. வலை, கயிறு, மிதவை, நங்கூரம் விற்கிறேன். படிப்பு சாதாரண தரத்தோடு சரி. பள்ளிக்கூடத்தில் சாரணனாக இருந்தவன், முடிச்சுகள் தெரிந்தவன் என்று, இங்கே இருந்த சாரண ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனபோது அதிபர் என்னைக் கூப்பிட்டுப் பொறுப்பைத் தந்தார். பதினொரு வருடமாகிறது. பிள்ளைகள் என்னை "சேர்" என்று கூப்பிடும்போது இன்னமும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் தோன்றும். அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம் என்று நினைத்து வெள்ளிக்கிழமை பின்னேரத் தொழுகையான அஸர் தொழுத கையோடு மைதானத்துக்குப் போய்விடுவேன்.

என்னில் உள்ள குறை ஒன்றுதான். ஒரு பிள்ளை தடுமாறினால் என் வாய் சும்மா இருக்காது. முடிச்சு அவிழ்ந்தால் நான் கட்டிவிடுவேன். அடுப்புப் புகைந்தால் நான் ஊதிவிடுவேன்.

இந்தக் குறையால் அடிபட்டவன் ரிஸ்லான். எங்கள் அணித்தலைவன். மேசன் வேலை செய்யும் ஒருவரின் மகன், அதிகம் கதைக்காத பிள்ளை. சாரணர்களுக்குரிய ஆக உயர்ந்த விருதுக்கு அவனுக்கு ஒரேயொரு தேர்வு மிச்சம் இருந்தது. ஓர் அணியைப் பகல் முழுவதும் வரைபடத்தைப் பார்த்து நடத்திக்கொண்டு போக வேண்டும். கூட வரும் பெரியவர் எந்த உதவியும் செய்யக்கூடாது. பதினெட்டு வயது முடியுமுன் இதைச் செய்தாக வேண்டும். முதல் தடவை வெள்ளம் வந்து கெடுத்தது. இரண்டாவது தடவை கெடுத்தது நான். கோமாரிப் பக்கம் ஒரு சந்தியில் அவன் இடமா வலமா என்று நின்றபோது, நான் வாய் திறக்கவில்லை, நாடியை மட்டும் இலேசாக இடப்பக்கம் அசைத்தேன். பரீட்சகர் அதைக் கண்டுவிட்டார். தாளில் சிவப்புக் கோடு விழுந்தது.

பிறகுதான் மலேசியாவில் பல நாட்டுச் சாரணர்களின் முகாம் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. அங்கேயும் இந்தத் தேர்வைச் செய்யலாம், செல்லுபடியாகும் என்றார்கள். ரிஸ்லானுக்குப் பதினெட்டு முடிய மூன்று கிழமைகூட இல்லை. இதை விட்டால் இனி இல்லை.

கல்முனை பஸ் டிப்போவில் வழியனுப்ப வந்த அவனுடைய உம்மா, முந்தானையால் தலையை இழுத்து மூடிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சேர், குறை நினைக்காதீங்க. எண்ட மகன் நடப்பான். நீங்க வாயக் கட்டிக்கிட்டு இரிந்தாப் போதும்."

நான் தலையை ஆட்டினேன். அப்போதிருந்தே பழக ஆரம்பித்தேன்.

ஆறு பிள்ளைகள், நான் ஏழாவது. விமான நிலையத்துக்குப் போகும் மலைப் பாதை வளைவுகளில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். நாலாவது ஆள் நான். விமான நிலையத்தில் கூடார ஆணிகளைக் கைப்பையில் வைத்திருந்ததால் பிடித்துக்கொண்டார்கள். இது என்ன என்று அதிகாரி கேட்டார். எங்கள் அணியில் ஆகச் சின்னவனான ஆதிப், பன்னிரண்டு வயது, வாய் மட்டும் இருபத்தைந்து, "அது எங்கட வீடு" என்றான். அதிகாரி சிரித்தாரே தவிர ஆணிகளைத் தரவில்லை.

விமானம் ஓடத் தொடங்கியதும் எங்கள் ஊர் பஸ்ஸில் ஓதுவதுபோல் பயணப் பிரார்த்தனையான துஆவை நான் உரத்து ஓதினேன். பிள்ளைகள் ஆறு பேரும் ஒரே குரலில் "ஆமீன்" என்றார்கள். முன் ஆசனத்தில் இருந்த பெண் துள்ளி எழும்பிவிட்டார். பணிப்பெண் ஓடி வந்து யாருக்காவது சுகமில்லையா என்று விசாரித்தார். எல்லோருக்கும் சுகம், இனியும் சுகமாக இருப்பதற்குத்தான் கேட்கிறோம் என்று விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

இரண்டாம் நாள் வேன் சாரதி எங்களைப் பிழையான இடத்தில் இறக்கிவிட்டார். பேராக் மாநிலத்தில் ஒரு கிராமம், விடாத தூறல், பெரிய பந்தல், நூற்றுக்கணக்கில் ஆட்கள். முகாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். சட்டைப் பட்டனைச் சரிபண்ணிக்கொண்டு வரிசையாக உள்ளே போனால் அது கலியாண வீடு. சீருடையைப் பார்த்த ஒரு மலாய்க்காரர் மிகவும் சந்தோஷப்பட்டு, எங்களை வாகனம் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார். வாகனங்களை ஒழுங்குபடுத்த யாரையோ வரச் சொல்லியிருந்தார்களாம், வந்தவர்கள் நாங்கள் என்று எடுத்துக்கொண்டார். மறுப்பதற்கு மொழி தெரியாது. என் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் குடையில்லாமல் கையைக் காட்டிக் கார்களை நிறுத்துவித்தார்கள். உண்மையைச் சொன்னால், கல்முனைச் சந்தையில் முச்சக்கர வண்டிகளுக்குள் புகுந்து நடந்து பழகியவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை.

அதற்குக் கூலியாகக் கலியாணச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் ஆக்கிய சோறு, மாட்டிறைச்சி, பக்கத்தில் சிவப்பாகச் சம்பல். கடைசியில் வாழையிலைத் துண்டில் கறுப்பாக, ஒட்டும் இனிப்பு ஒன்று வைத்தார்கள். ஆதிப் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சேர், தொதல். நம்மடதக் கொப்பி அடிச்சிரிக்கானுகள்" என்றான். யார் யாரைப் பார்த்துச் செய்தார்களோ, அல்லாஹ்தான் அறிவான். என் மனைவி கட்டித் தந்த தொதலில் ஒரு துண்டை அந்த மலாய்க்காரருக்குக் கொடுத்தேன். அவரும் மென்றுவிட்டு அதே சந்தேகத்தோடுதான் என்னைப் பார்த்தார். தன் லொறியிலேயே எங்களை முகாமில் கொண்டுபோய் விட்டார்.

முகாமில் எங்களுக்கென்று நியமித்த பரீட்சகர் குமரவேல். மலேசியத் தமிழர், அறுபது தாண்டியவர், லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் எந்த நேரமும் குடை. தாளைக் காட்டி விளக்கினார். கடைசியில் ஒரு கட்டம்: பெரியவர் உதவினாரா, ஆம், இல்லை. ஆம் என்று விழுந்தால் மற்றக் கட்டங்களைப் பார்க்கவே மாட்டார்களாம். கோமாரிக் கதையை நான் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். உப்பும் புளிப்புமாக உலர்த்திய பழம்.

"வாயில ஒண்ணு போட்டுக்குங்க சார். பேசணும்னு தோணுச்சுன்னா இன்னொண்ணு போடுங்க. என் சம்சாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்த வைத்தியம் லா."

மூன்றாம் நாள் காலையில் நடை தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். ரிஸ்லான் முன்னால், பிள்ளைகள் நடுவில், நான் பின்னால், எனக்கும் பின்னால் குடையோடு குமரவேல். எண்ணெய்ப்பனைத் தோட்டம் வழியாகப் போனோம். எங்கள் தென்னந்தோப்பில் காற்றும் வெயிலும் உள்ளே வரும். இது அப்படியில்லை, பகலிலேயே இருட்டிக் கிடந்தது. ஒரு குரங்குக் கூட்டம் வந்து சாப்பாட்டுப் பைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போனது. என் வாய்க்குள் மூன்று கட்டளைகள் வந்தன. மூன்று பழம் போட்டேன். ரிஸ்லான் கத்தவில்லை. மிச்சமிருந்த பொதிகளை விரித்து ஆறாகப் பங்கிட்டான், தன் பங்கைக் கடைசியாக எடுத்தான். சின்னதாக இருந்ததுதான் கடைசிப் பங்கு.

நண்பகல் தொழுகையான லுஹர் நேரம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். கலங்கிய கடல், அலை குறைவு. எங்கள் கடல்போல் இரைச்சல் இல்லை. மேகம் மூடியிருந்தது, சூரியன் உச்சியில், நிழலே விழவில்லை. பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்தோம். தொழுகையை முன்னின்று நடத்துவதற்கும் தேர்வுக்கும் சம்பந்தமில்லை என்று காலையிலேயே குமரவேலிடம் கேட்டு வைத்திருந்தேன். ஆகவே இந்த ஒரு காரியத்திலாவது தலைவனாக இருக்கலாம் என்ற உற்சாகத்தில், துண்டை விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ரிஸ்லான் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "சேர்" என்றான்.

"வா மனே, நேரம் போகுது" என்று சொல்லி நான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினேன். பயணிகளுக்கு உள்ள சலுகைப்படி இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம்.

அதன் பிறகு வரைபடத்தை விரித்தார்கள். கரையோரமாக வடக்கே போக வேண்டும், ஓர் ஆற்று வாயும் மரப்பாலமும் வரும், அங்கிருந்து உள்ளே திரும்பினால் முகாம். பிள்ளைகளுக்குள் ஒரு சின்ன இழுபறி. ரிஸ்லான் திசைகாட்டியைத் தட்டினான், சுழற்றினான், தரையில் வைத்துப் பார்த்தான். ரிஸ்லானை அண்ணன் என்ற முறையில் காக்கா என்று கூப்பிடும் ஆதிப் சொன்னான்: "அது பழுது காக்கா. சேர் அங்கால பாத்துத்தானே தொழுத. அப்ப அது மேற்கு. கடல் கிழக்கு. வடக்க போறண்டா கடல் வலக்கைப் பக்கம் வரணும். நம்மட ஊருல அப்பிடித்தானே."

ரிஸ்லான் என்னைப் பார்த்தான். நான் ஒரு தென்னை மரத்தின் உச்சியைக் கவனமாக ஆராய்ந்தேன். கோமாரியில் நாடியை அசைத்தவன் நான், இந்த முறை கண்ணைக்கூட அசைக்க மாட்டேன் என்று பிடிவாதம். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பாவம் பிள்ளை, இந்த நேரம் பார்த்தா திசைகாட்டி பழுதாக வேண்டும், அதை நம்பி எதிர்ப்பக்கம் போய்விடுவானே என்று. ஆதிப்பின் பேச்சைக் கேட்டு அவன் கடலை வலக்கைப் பக்கம் வைத்து நடக்கத் தொடங்கியபோது நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பின்னால் குமரவேல் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

முக்கால் மணித்தியாலம் நடந்தோம். ஆற்று வாய் வரவில்லை. மரப்பாலம் வரவில்லை. வந்தது ஒரு மீன்பிடிக் குடியிருப்பு. வரைபடத்தில் அது கிடையாது. இன்னும் கொஞ்சம் போனால் வரும் என்று எனக்குத் தோன்றியது. வாயில் பழம் போட்டேன். ரிஸ்லான் எல்லோரையும் நிற்கச் சொன்னான்.

அங்கே ஒரு பெண் ஓலைப்பாயில் நெத்தலி காய வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் பார்க்கும் அதே நெத்தலி, அதே மணம். வழி கேட்பது தேர்வு விதிக்கு ஆகாது. ரிஸ்லான் வழி கேட்கவில்லை. அவர் முன்னால் போய் ஸலாம் சொல்லி, இரண்டு கைகளையும் காதுவரை உயர்த்திக் காட்டி, தொழும் திசை எது என்று கேட்க, "கிப்லா?" என்றான்.

அந்தப் பெண் சிரித்தார். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி வலது கைப் பெருவிரலால் காட்டினார். நேரே கடலை.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆதிப் கடலைத் திரும்பிப் பார்த்து, "மக்கா கடலுக்குள்ளயா?" என்றான். அந்தப் பெண் எங்களுக்குத் தெரியாத மொழியில் இன்னொரு தடவை சொல்லி, இன்னொரு தடவை பெருவிரலால் காட்டினார். பிறகு இவ்வளவு பெரிய பிள்ளைகளுக்கு இது தெரியாதா என்பதுபோல் என் பக்கம் பார்த்தார்.

ரிஸ்லான் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

"சேர், இது பழுது இல்ல. இஞ்ச கடல்தான் மேற்கு. நாம தொழுத பக்கம் பிழை. நடந்து வந்ததும் பிழை."

என் வாய்க்குள் பழக்கொட்டை அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் முகம் மக்காவைப் பார்க்கும். பள்ளிவாசல் தெரியாத மீன் வாடியிலும், படகு இழுக்கும் கரையிலும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை. கால் தானாகத் திரும்பும். முகாமில் இருந்த தொழுகை மண்டபத்தில் கூரையிலேயே அம்புக்குறி போட்டிருந்தார்கள். அங்கிருந்து கடல் தெரியாது. ஆகவே யோசிக்கத் தேவை வரவில்லை. கடல் இன்னொரு பக்கத்திலும் இருக்கும் என்பது ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தேவைப்படாத அறிவாக இருந்துவிட்டது.

வாயைத்தான் மூடியிருந்தேன். முழு உடம்பாலும் பிழையான வழியைக் காட்டிவிட்டிருக்கிறேன்.

"ஓம் மனே" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. ரிஸ்லான் நேரத்தைப் பார்த்தான். திரும்பி நடந்தால் ஐந்து மணிக்குப் போய்ச் சேருவது கஷ்டம். நின்றால் இன்னும் கஷ்டம். நான் எதையும் காட்டாமல் நின்றேன்.

"முதல்ல மறுகாத் தொழுவம்" என்றான். "பிறகு ஓடுவம். சேர், முன்னுக்கு வாங்க."

"நீ நில்லு" என்றேன். "திசை தெரிஞ்ச ஆள் நிக்கட்டும்."

அந்தப் பெண் நெத்தலிப் பாயை ஓரமாக இழுத்து இடம் தந்தார். ரிஸ்லான் முன்னால் நின்று தொழுவித்தான். நான் பிள்ளைகளோடு வரிசையில், ஆதிப்பின் தோளோடு தோள் ஒட்டி நின்றேன். அலை எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தொழுகையில் கண்ணை, ஸுஜூதில் நெற்றி படும் இடத்தில்தான் வைக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு அது கஷ்டமாக இருந்தது, கண் நிறைந்துவிட்டது.

பிறகு வந்த வழியே விரைந்தோம். குமரவேல் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இளைக்காமல் வந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நடக்கும்போதே ரிஸ்லானிடம் கேட்டேன், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று.

"நீங்க தக்பீர் கட்டிட்டீங்க சேர்."

அதற்கு முந்தியே என்னைக் கூப்பிட்டாயே என்றேன்.

"செல்லியிருந்தா நீங்க ஏச மாட்டீங்கண்டு தெரியும். ஆனா இவனுகள் உங்களப் பாத்துச் சிரிச்சிருப்பானுகள்."

பதினொரு வருடமாக முடிச்சு, கூடாரம், அடுப்பு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பிழையை என் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு பிள்ளைக்கும் நான் இடம் கொடுத்திருக்கவில்லை. பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்து, தன் விருதையே விடப் போயிருக்கிறான்.

முகாமுக்குள் நுழையும்போது ஐந்து பன்னிரண்டு. ரிஸ்லான் அணியை வரிசையில் நிறுத்தி, தொகை சரிபார்த்து, குமரவேலுக்கு முன்னால் வந்து நின்றான். அவர் மேசையில் தாளை விரித்தார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பிந்தியதற்குப் புள்ளி குறைத்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சாரணனின் வாக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் அங்கே சும்மா நிற்க முடியாது. அல்லாஹ்வும் பார்த்துக்கொண்டிருக்கிறான். "உண்மையைச் சொல்ல வேண்டும்" என்றேன். "நான் திசை காட்டினேன். பிள்ளைகள் என் தொழுகையைப் பார்த்துத்தான் நடந்தார்கள்."

ரிஸ்லான் நிலத்தைப் பார்த்தான். ஆதிப் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான்.

"எந்தத் திசை காட்டினீங்க?" என்று குமரவேல் கேட்டார்.

"பிழையான திசை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சார், இங்க கேட்டிருக்கிறது ஒதவி செஞ்சீங்களான்னு. நீங்க செஞ்சதுக்கு இந்தத் தாள்ல கட்டமே இல்ல." இல்லை என்ற இடத்தில் அடையாளம் போட்டார். குறிப்பு எழுதும் இடத்தில் மட்டும் நிறைய நேரம் எடுத்தார். எழுதியதை ரிஸ்லானிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததை அவன் எனக்குத் தமிழில் சொன்னான். அணி வழி தவறியது, அணித்தலைவன் தானாகக் கண்டுபிடித்தான், பெரியவர்கள் உட்பட எல்லோரையும் திருத்திக் கூட்டி வந்தான். தேர்வில் சித்தி.

பெரியவர்கள் என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்களே என்று பிறகு கேட்டேன். நாங்கள் பிழையாகத் திரும்பியதை அவரும் கவனிக்கவில்லையாம். குடைக்குள் காதுக்கருவியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாராம்.

ஊர் திரும்பிய பயணத்தில் சொல்ல அதிகமில்லை. மலை வளைவில் இந்த முறை வாந்தி எடுத்தது நான் மட்டும். டிப்போவில் ரிஸ்லானின் உம்மாவிடம் தாளைக் கொடுத்தபோது அவர் அதை வாசிக்கவில்லை. மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "சேர் ஒண்டும் கதைக்கல்லயா?" என்று மகனிடம் கேட்டார். "சேர் ஒரு சொல்லுக் கதைக்கல்ல உம்மா" என்றான் அவன். பொய்யும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்தேன். கடற்கரையில் தொழுத கதையை நானே சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். சிரிக்க விட்டேன். பிறகு புதிய விதி ஒன்றைச் சொன்னேன். நான் பிழை விட்டால், கண்டவன் அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். மரியாதைக் குறைவு என்று நினைக்கக்கூடாது. அதுதான் எனக்குச் செய்யும் மரியாதை. இதை விளக்குவதற்கு நான் இரண்டு மூன்று உதாரணங்கள் சொன்னேன். கோமாரியையும் சொன்னேன். இன்னும் ஒன்று சொல்லத் தொடங்கினேன்.

ஆதிப் கையை உயர்த்தினான்.

"சேர், நீங்கதான் கதைச்சிக்கிட்டே இரிக்கீங்க. இண்டைக்கிக் கூட்டம் நடத்துறது ரிஸ்லான் காக்கா."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ரிஸ்லானைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்க்கவில்லை.

நான் போய் வட்டத்தில் உட்கார்ந்தேன்.